ரூட் கெனால் நீளம் அளக்கும் கருவி: கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்ரே எடுக்காமல் உதட்டில் ஒரு கம்பியை மாட்டி, மெஷினைப் பார்த்தே "நீளம் சரி" என்றார் பல் டாக்டர். நம்பலாமா?

தாராளமாக. அதற்குப் பெயர் ஏபெக்ஸ் லொகேட்டர், அதாவது வேர் நுனியைக் கண்டறியும் கருவி. ஒரு முனை உதட்டில், இன்னொன்று வேருக்குள் போகும் ஃபைல் என்ற மெல்லிய உலோகக் கம்பியில். பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாருக்கும் வாயின் உட்தோலுக்கும் இடையிலான மின்தடை ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1942-ல் ஜப்பானில் சுசுகி கண்டறிந்தார். 1962-ல் சுனாடா அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்திக் காட்டினார். இப்போது வரும் கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவெண்களில் அளப்பதால் ஈரமான வேரிலும் வேலை செய்கின்றன. முறையாகக் கையாண்டால் பெரும்பாலான வேர்களில் பிசகு அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: திரையில் 0.5 வந்தால் இன்னும் அரை மில்லிமீட்டர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? (பல் மருத்துவ மாணவி)

இல்லை. நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். அந்த எண்கள் மில்லிமீட்டர் அல்ல. மின் அளவீடு மாறுவதைக் காட்டும் குறிகள், அவ்வளவுதான். நம்பத்தகுந்த புள்ளி ஒன்றே ஒன்று: ஃபைல் நுனி வேரின் கடைசியில் உள்ள வேர்த்துளையைத் தொட்டுத் தசைநாரை எட்டும்போது வரும் 0, அதாவது "ஏபெக்ஸ்". மெதுவாக அதுவரை போங்கள், ஃபைலில் மாட்டியிருக்கும் ரப்பர் ஸ்டாப்பரைப் பல்லின் உறுதியான ஒரு முனையில் வைத்து அளவெடுங்கள், அதிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் கழியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பாதி வழியில் 2, 3 என்று காட்டுவதை வைத்துக் கணக்குப் போடவே வேண்டாம்.

கேள்வி: ஃபைலை வைத்தவுடனே "ஏபெக்ஸ்" என்று கத்துகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் மெஷின் மேல் தப்பிருக்காது. பல்லின் மேற்குழியில் வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவம் தேங்கி நிற்கிறதா பாருங்கள். மின்சாரம் அந்த வழியாக ஈறுக்கு ஓடிவிடும். உலோக கிரவுனையோ பழைய வெள்ளி அடைப்பையோ ஃபைல் தொட்டாலும் இதே கதைதான். பஞ்சால் குழியை ஒற்றி எடுங்கள். வேருக்குள் மட்டும் ஈரம் இருக்கட்டும். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் எச்சில் தொல்லையும் இல்லை. இவ்வளவு செய்தும் அதே இடத்தில் கத்தினால், வேரின் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதையும் இந்தக் கருவி காட்டிக்கொடுக்கும்.

அளவு தாவித் தாவி வந்தால் ஃபைல் வேருக்கு மெல்லியதாக இருக்கலாம். ஒரு அளவு பெரியதை வைத்துப் பாருங்கள். எதுவுமே காட்டாவிட்டால் வேர் வறண்டிருக்கும், அல்லது முன்பு வேரை அடைத்த கட்டாபெர்ச்சா என்ற பொருள் வழியை அடைத்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் இதய மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வார். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயை வைத்தே அளந்துகொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் எக்ஸ்ரேயே தேவையில்லையா?

தேவைதான். வேரின் வளைவு, எத்தனை வேர், எலும்பின் நிலை எதையும் மெஷின் சொல்லாது. வேர் முழுதாக வளராத சிறுவர் பற்களில் துளை அகலமாகத் திறந்திருப்பதால் அளவு குறைவாகக் காட்டக்கூடும். அங்கே எக்ஸ்ரே இல்லாமல் இறங்கவே கூடாது. மற்றபடி வேர்த்துளை பல நேரம் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் திறக்கும். அப்போது ஃபைல் துளையைத் தாண்டி வெளியே போயிருந்தாலும் படத்தில் உள்ளேயே நிற்பதுபோல் தெரியும். மெஷின் அளவுக்கும் எக்ஸ்ரே அளவுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால், மெஷின் அளவு நிலையாக வந்தால் நான் மெஷின் பக்கம்தான். அதற்கு மேல் போனால் கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பேன்.