பெரிய பொம்மைக்குப் பிரைமர்: வாசகர் கேள்விகள்

(கப்பல் பட்டறையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் நம் பத்தியாளர். இப்போது பேரனோடு உட்கார்ந்து விளையாட்டு மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்.)

கேள்வி: அங்கிள், நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வார்ஹாமர் விளையாட்டில் வரும் இம்பீரியல் நைட் என்ற பெரிய ரோபோவை வாங்கி, என் அறையிலேயே ஒட்டி முடித்தேன். சனிக்கிழமை மழை விட்ட கையோடு அதைக் காரிடாருக்குக் கொண்டுபோய்க் கறுப்புப் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். கால்கள் நன்றாக வந்தன. தோள் கவசத்தில் வெள்ளையாக மூட்டம் படிந்திருக்கிறது. முதுகைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. டப்பா மட்டமா? வேறு பிராண்டு வாங்கட்டுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: டப்பாவைத் திட்டாதே, தம்பி. உன் அறையில் ஏசி ஓடியதா என்று நீ எழுதவில்லை. ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கப்பல் பட்டறையில் பெயிண்டர் ஸ்ப்ரே கன்னைத் தொடும் முன்பே நாங்கள் கருவிகளோடு போய் நிற்போம். காற்றில் ஈரம் எவ்வளவு, இரும்புத் தகடு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்போம். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியுமோ அதுதான் டியூ பாயிண்ட். தகடு அதைவிட 3 டிகிரியாவது கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை நிற்கும். மேனேஜர் எவ்வளவு கத்தினாலும் நிற்கும்.

சிங்கப்பூரில் இந்த டியூ பாயிண்ட் பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். காற்றும் 25 டிகிரிதான் இருக்கும். அதாவது இடைவெளி 1 டிகிரி. மழை இல்லாத பிற்பகலில் ஈரப்பதம் 60 விழுக்காடு வரை இறங்கும், வெப்பம் 32 டிகிரிக்கு ஏறும். இடைவெளி 8 டிகிரிக்கு மேல் போய்விடும். இப்போது உன் ரோபோவுக்கு வருவோம். 23 டிகிரி அறையில் குளிர்ந்து கிடந்ததை மழை ஈரம் நிற்கும் காரிடாருக்குத் தூக்கி வந்தால், ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியவரின் மூக்குக்கண்ணாடிக்கு ஆவதுதான் அதற்கும் ஆகும். அதற்குமேல் ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பை இன்னும் குளிர வைக்கும். ஈரம் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். உன் வெள்ளை மூட்டம் இதுதான்.

சொரசொரப்பு வேறு வியாதி. டப்பாவைத் தள்ளிப் பிடித்தாலோ காற்று வீசினாலோ, பெயிண்ட் துளி பொம்மையைத் தொடும் முன்பே பாதி காய்ந்து தூளாகப் போய் ஒட்டும். டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும் அப்படித்தான். பெரிய பொம்மையில் இது அதிகம் நடக்கும். முன்பக்கம் அடிக்கும்போது தள்ளிப்போன துளிகள் காய்ந்தபடியே முதுகில் போய் உட்காரும்.

மூட்டத்துக்குக் கவலைப்படாதே. நன்றாகக் காய்ந்த பிறகு, வெயிலடிக்கும் ஒரு பிற்பகலில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் மறைந்துவிடும். முதுகில் தட்டையான இடங்களை 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்; நுணுக்கமான இடங்களுக்குப் பழைய டூத் பிரஷ் போதும்.

அடுத்த முறை பொம்மையையும் டப்பாவையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடு. இரண்டு நிமிடம் குலுக்கு. 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஒரு வீச்சு, பிறகு நிறுத்து. ஒரே கோட் அடித்துக் கறுப்பாக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் நுணுக்கத்தையெல்லாம் மூடிவிடுகிறது.

பட்டறையில் இன்னொரு பழக்கம் உண்டு. வெல்டிங் ஓரம், மூலை, துளை இவற்றுக்கெல்லாம் தனியாகப் பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுப்போம். ஸ்ட்ரைப் கோட் என்போம். கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் தங்காது, சந்துக்குள் ஸ்ப்ரே போகாது. உன் ரோபோவின் இடுப்புக்கு அடியிலும் கவசத்தின் உள்பக்கத்திலும் அதையே செய். அங்கே எட்டும்வரை ஸ்ப்ரேயை அழுத்திக்கொண்டிருந்தால் வெளியே வழியத்தான் செய்யும். இனி இப்படிப் பெரியது வாங்கினால் கவசத் தகடுகளை ஒட்டாமல் தனித்தனியாகவே பிரைமர் அடி. ஒட்டும் இடத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடு. பிளாஸ்டிக் சிமெண்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுவது, பெயிண்ட் மேல் அதன் வேலை எடுபடாது.

காரிடார் விஷயம். பக்கத்து வீட்டு அக்காவின் துணி காயும்போது வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடி. சாயங்காலம் யார் வீட்டு வாசலிலாவது அகல் விளக்கு எரிந்தால் டப்பாவை எடுக்கவே எடுக்காதே, உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு. என்95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். கீழ்த்தளத்துக்குப் போய் அடிக்கலாமே என்று என் பேரன் கேட்டான். நம் ஊரில் ஸ்ப்ரே பெயிண்டோடு தூண் பக்கத்தில் நிற்பவனைப் போலீஸ்காரர் எப்படிப் பார்ப்பார் என்று சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கேள்வி: ஐயா, என் மகள் பிறந்தநாளுக்குப் பெரிய பிளாஸ்டிக் டிராகன் கிடைத்திருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஸ்ப்ரே கூடாது என்று சொல்லிவிட்டேன். பிரைமர் இல்லாமல் நேராகப் பெயிண்ட் அடித்தால் என்ன?
– வாசகி, பொங்கோல்

பதில்: உரிந்து வரும், அம்மா. இறக்கை நுனியைப் பிடித்துத்தானே பிள்ளைகள் தூக்குவார்கள். பிரஷ்ஷால் பூசும் பிரைமர் இருக்கிறது. வாயெஹோ கம்பெனியின் சர்ஃபேஸ் பிரைமரைப் பேரனும் நானும் பயன்படுத்துகிறோம். தண்ணீரில் கலப்பது, ஸ்ப்ரே அளவுக்கு வாடை இருக்காது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வார்ப்பிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை இருந்தால் போய்விடும். கொதிநீர் வேண்டாம், இறக்கை கோணிக்கொள்ளும். காய்ந்ததும் ஒரு விரல் அகலமுள்ள தட்டை பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரே திசையில் பூச வேண்டும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொட்டால் பிரஷ் தடம் அப்படியே நிற்கும், அந்த இடத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். முதல் கோட்டில் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பிள்ளை முகம் சுருங்கும். இரண்டாவது கோட்டில் சரியாகிவிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடவும். இந்த வகைப் பிரைமரை உப்புத்தாளால் தேய்த்தால் ரப்பர்போல் உரியும், அதனால் தேய்க்கும் வேலை எல்லாம் பிரைமருக்கு முன்பே முடியட்டும்.

கேள்வி: பழைய பெயிண்டை எடுக்க நகப்பூச்சு நீக்கும் திரவம் போதுமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அதில் அசிட்டோன் இருந்தால் பெயிண்ட்டோடு பொம்மையும் கரையும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். பாகங்களை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் சட்டம் மிச்சம் இருக்குமே, முதலில் அதில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிசம்பரில் மேட் வார்னிஷ் (பளபளக்காத மேல்பூச்சு) ஸ்ப்ரே அடிக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: டிசம்பர், ஜனவரியில் பருவமழை அடித்துப் பெய்யும். மேட் வார்னிஷில் ஈரம் சேர்ந்தால் முழுப் பொம்மையும் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும், அடியில் இருக்கும் வேலையெல்லாம் வீண். பிப்ரவரி வாக்கில் மழை குறையும், அதுவரை பொறுங்கள். அவசரம் என்றால் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ் இருக்கிறது.