தனித்தனியாக நன்றாக ஆடும் நாங்கள் நால்வரும், வீடியோ கேமில் ஒரு கடினமான பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மட்டும் சேர்ந்து தோற்கிறோமே, ஏன்?

எந்த கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எங்கள் நால்வரையும் பல வாரம் தோற்கடித்த ஒரு பாஸை வைத்தே சொல்கிறேன். ‘மான்ஸ்டர் ஹன்ட்டர் வேர்ல்டு: ஐஸ்போர்ன்’ கேமில் வரும் ஃபேட்டாலிஸ் என்ற கறுப்பு டிராகன் அது. 2004-ல் வந்த இந்தத் தொடரின் முதல் கேமிலிருந்தே இருக்கும் மிருகம். ஐஸ்போர்னுக்குக் கடைசிப் பெரிய அப்டேட்டாக 2020 அக்டோபரில் கேமைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. உங்களைப் போலவே நாங்களும் தனித்தனியாகக் கெட்டிக்காரர்கள்தான். சேர்ந்து போனால் அதன் ஹெச்பியில், அதாவது உயிர் அளவில், பாதியைக்கூடத் தாண்ட மாட்டோம்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அங்கேதான் இருக்கிறது. அதிகபட்சம் 4 பேர். 30 நிமிடம். 3 முறை மயங்கி விழுந்தால் வேட்டை முடிந்தது. அந்த 3 ஆளுக்கு மூன்று இல்லை, எல்லோருக்கும் சேர்த்து மூன்று. ஒருவரே மூன்று முறை விழுந்தாலும் நால்வரும் வெளியே. இன்னொன்று, 3 பேர் போனாலும் 4 பேர் போனாலும் மிருகத்தின் ஹெச்பி ஒன்றுதான். நாலாவது ஆள் வருவது லாபம். ஆனால் அவர் விழுந்துகொண்டே இருந்தால் அந்த லாபம் அப்படியே நஷ்டமாகிவிடும்.

தனியாக ஆடும்போது, “இந்த அடியை வாங்கிக்கொண்டு நானும் ஒன்று அடித்துவிடலாம்” என்று துணிவேன். விழுந்தால் என் கணக்கு. குழுவிலும் நால்வரும் அதே துணிச்சலோடு ஆடினோம். ஆனால் இங்கே நால்வரும் ஒரே உண்டியலிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறோம், அதில் இருப்பதோ மூன்றே காசு. இது எங்களுக்கு உறைக்கவே ரொம்ப நாள் ஆனது.

உறைக்க வைத்தது வீடியோ பதிவுதான். தோற்ற ஆட்டங்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு மயக்கத்துக்கும் முந்தைய பத்து வினாடியை மட்டும் சேர்ந்து பார்த்தோம். யார் மீது தப்பு என்ற பேச்சே வேண்டாம், அந்தப் பத்து வினாடியில் யார் எங்கே நின்றார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மட்டும் பார்ப்போம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். தோற்ற சூட்டில் வாய்ஸ் சாட்டில் பேசுவதில் பாதி வருத்தம், பாதி யூகம். வீடியோவில் இருப்பதுதான் நடந்தது.

பார்த்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முதல் மயக்கம் வருவதற்குப் பல நிமிடம் ஆகிறது. இரண்டாவது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே வந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் அதே ஆள். ஏன் என்று யோசித்தோம். இந்த கேமில் வேட்டைக்கு முன் சாப்பிட்டால் ஹெச்பி 150 வரை ஏறும். மயங்கி விழுந்தால் அந்தச் சாப்பாட்டின் பலன் போய்விடும். விழுந்து, முகாம் கூடாரத்தில் மறுபடி எழுந்த ஆள், “ஐயோ, டீம் தனியாக இருக்கிறதே” என்ற பதற்றத்தில் அப்படியே ஓடி வருகிறார். முன்பு தாங்கிய அதே நெருப்பு இப்போது அவரை ஒரே மூச்சில் சாய்க்கிறது. அவர் விழப்போகிறார் என்று பார்த்துக் காப்பாற்ற ஓடும் இன்னொருவரும் அதே நெருப்பில் மாட்டுகிறார்.

இதற்கு ஒரு விதி வைத்தோம்: விழுந்தவர் அவசரப்படக் கூடாது. கூடாரத்தில் மேக்ஸ் போஷன் என்ற மருந்தைக் குடித்து ஹெச்பியை முழுதாக ஏற்றிக்கொண்டு, பொருட்களை நிரப்பிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவர் வரும்வரை மற்ற மூவரும் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தால் போதும். அரை நிமிடம் வீணாகிறதே என்று தோன்றும். அந்த அரை நிமிடம்தான் எங்களுக்கு இரண்டாவது மயக்கத்தை இல்லாமல் செய்தது. இதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதுவும் நாங்கள் செய்யவில்லை என்றே சொல்வேன்.

அடுத்தது, எதை அடிப்பது என்பது. ஃபேட்டாலிஸின் தலையை இரண்டு முறை உடைத்தால் கடைசிக் கட்டத்தில் அதன் நெருப்பின் பலம் குறையும். உடைக்காமல் அங்கே போனால், களம் முழுக்கத் தீயாக இருக்கும், எதுவும் தாங்காது. நாங்களோ கைக்கு எட்டியதை அடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வால், ஒருவர் கால், ஒருவர் வயிறு. மொத்த டேமேஜ் நிறையத்தான். ஆனால் அது நாலு இடத்தில் சிதறிப்போனது. அப்புறம் பேசி, முதல் பாதியின் வேலை மிருகத்தைக் கொல்வது இல்லை, தலையை உடைப்பது மட்டும்தான் என்று முடிவு செய்தோம். கிளட்ச் கிளா என்ற கொக்கியால் மிருகத்தின் மேல் தொற்றி ஒரு பாகத்தைப் புண்ணாக்கினால் அங்கே அடி பலமாக விழும், அந்தப் புண் 180 வினாடி நிற்கும். அதை யார் போடுவது என்று முறை வைத்துக்கொண்டோம். முன்பு இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொற்றப் போய் இருவரும் அடி வாங்குவோம்.

உங்கள் பாஸுக்கும் இப்படி ஒரு ‘தலை’ இருக்கும். முதலில் அழித்தே ஆக வேண்டிய கூட்டாளியாக இருக்கலாம், நிறுத்த வேண்டிய ஒரே ஒரு மந்திரமாக இருக்கலாம். கடைசிக் கட்டத்தில் உங்களைச் சாகடிப்பது எது என்று பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கி வந்தால் அது பிடிபடும்.

யார் என்ன ஆயுதம் என்பதில்தான் மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது. எங்களில் மிக நன்றாக ஆடுபவர் இரட்டைக் கத்திக்காரர். மிருகம் இரண்டு காலில் எழுந்து நின்றால் அந்தக் கத்திக்குத் தலை எட்டாது. ஒரு நாள் அவரே, “நான் ஹன்ட்டிங் ஹார்ன் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். வாசித்து எல்லோருடைய தாக்குதலையும் கூட்டுகிற ஆயுதம் அது. அதோடு, தான் குடிக்கும் மருந்து பக்கத்தில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும் வைட் ரேஞ்ச் திறனையும் ஐந்து நிலைவரை ஏற்றினார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் அன்று விட்டுக்கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. மற்றவர்களின் ஹெச்பியை ஏற்றிவிடும் வேலையைப் பலவீனமானவர் தலையில் கட்டுவது பல குழுக்களின் வழக்கம். என் அனுபவத்தில் அது தவறு. மிருகத்தின் அசைவுகளை நன்றாகப் படித்தவர்தான் அடி விழப்போவதை முன்பே அறிந்து மருந்தைக் குடிக்க முடியும். விழுந்த பிறகு குடித்து என்ன பயன்?

ஒரு சின்ன விஷயம், ஆனால் சண்டையே வந்திருக்கிறது: லாங் சோர்ட் என்ற நீண்ட வாளின் வீச்சு பக்கத்து ஆளைத் தடுமாற வைக்கும். ஃப்ளின்ச் ஃப்ரீ திறனில் ஒரே ஒரு நிலை போட்டாலே அது நின்றுவிடும். நால்வரும் போட்டோம், பிரச்சினை முடிந்தது.

பேசுவதையும் மாற்றினோம். முன்பு நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவோம். பிறகு அறிவிப்பை ஒருவரிடமே விட்டோம். தூரத்திலிருந்து சுடும் நண்பர் அவர். தலைக்கு அடியில் நிற்கும் எங்களுக்குக் காலும் நகமும்தான் தெரியும், அவருக்குத்தான் முழு மிருகமும் தெரிகிறது. சொற்களைக் குறைத்தோம்: “நெருப்பு”, “மேலே”, “சுவர்”. கட்டம் மாறும்போது மிருகம் பறந்து எழுந்து களம் முழுவதையும் எரிக்கும், அப்போது தடுப்புச் சுவருக்குப் பின்னால் போகாவிட்டால் பிழைக்க முடியாது. “சுவர்” என்று கேட்டதும் அடித்துக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். இன்னும் ஒரே ஒரு அடி என்று யாரும் நினைக்கக் கூடாது. ரொம்ப நாள் எங்களைக் கொன்றது அந்த இன்னும் ஒரு அடிதான். மற்ற மூவரும் பேசலாம், ஆனால் தன்னைப் பற்றி மட்டும்: “குடிக்கிறேன்”, “ஆயுதம் தீட்டுகிறேன்”. அடுத்தவருக்கு ஆலோசனை சொல்வது ஆட்டம் முடிந்த பிறகுதான்.

இவ்வளவும் செய்தவுடனே ஜெயித்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பல முறை தோற்றோம். ஆனால் கடைசிக் கட்டத்தை எட்டித் தோற்றோம், அதுவும் நேரம் தீர்ந்து. நேரம் போதவில்லை என்றால் அது வேறு வகைப் பிரச்சினை. அப்போதுதான் மதில் மேல் இருக்கும் பீரங்கிகளை ஆரம்பத்திலேயே நிரப்பிச் சுடவும், மிருகம் தரையில் சாயும்போது நால்வரும் தலைக்கு வரவும் பழகினோம்.

ஜெயித்த அன்று ஒரே ஒரு மயக்கம், அது என்னுடையது. கூடாரத்தில் நின்று போஷன் குடித்துக்கொண்டிருந்தபோது ஹார்ன்காரர், “அவசரமே இல்லை, மெதுவாக வா, நாங்கள் இருக்கிறோம்” என்றார். நான் நிதானமாக எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு இறங்கினேன். மூவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், தலை இரண்டாவது முறையும் உடைந்திருந்தது.