செடான் குறையுது, உயர வண்டி பெருகுது: வட சென்னைக் கேள்வி பதில்

பெரம்பூர்: யாரிஸ், ஜாஸ், சியாஸ் எல்லாம் நிறுத்திட்டாங்களே, ஏன் சார்?

வண்டி மோசம் என்பதால் இல்லை. ஒரே அடித்தளத்தில் உயரமான பாடியை வைத்தால் கூடுதல் விலைக்கு விற்கலாம். பலேனோ தளத்தில் ஃபிராங்க்ஸ், கிராண்ட் ஐ10 நியோஸ் தளத்தில் எக்ஸ்டர். ஃபோர்டு 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஃப்யூஷன், டாரஸ் நான்கையும் கைவிடுவதாக அறிவித்தது. அதே வருஷம் அங்கே விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் நம்ம மறைமலை நகரில் செய்தது! இங்கே வரியும் ஒரு காரணம். 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசி அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18%. மீறினால் 40%. பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடானுக்கு இந்த வித்தியாசம் பெரிய அடி.

வியாசர்பாடி: கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குது. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் இடைவெளி) 200 மிமீ இருந்தா இறங்கலாமாண்ணே?

வேண்டாம் தம்பி. டிசையர் செடானுக்கு 163 மிமீ, உயர வண்டியான பிரெஸ்ஸாவுக்கு 198. வித்தியாசம் 35 மிமீதான், மூணரை சென்டிமீட்டர். என்ஜினைக் காப்பது அந்த உயரம் இல்லை, காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான். பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து போகும் குழாயின் முனையைப் பாருங்க, தரையிலிருந்து டேப் வைத்து அளங்க. அந்த அளவும் அசையாமல் தேங்கி நிற்கும் தண்ணிக்கு மட்டும்தான் பொருந்தும். எதிரே கண்டெய்னர் லாரி வந்தால் அலை பம்பருக்கு மேலே ஏறும். அதனால் பாதி சக்கரத்துக்கு மேல் தண்ணி தெரிந்தால் திரும்பிடுங்க.

நடுவில் என்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணியை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியை ஆஃப் பண்ணி, தள்ளி வெளியே கொண்டுவந்து, பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் எல்லாம் கழட்டிய பிறகுதான் என்ஜினைச் சுற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் மாதிரி இருந்தால் தண்ணி கலந்திருக்கு, ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றணும். சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் செலவைத் தராது. என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் தனியாகப் போடணும்.

தண்டையார்பேட்டை: பழைய சியாஸ் பெட்ரோல் வாங்கலாமா? பார்ட்ஸ் கிடைக்குமா?

தாராளமா வாங்கலாம். 2018-ல் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 2022 வரை எர்டிகாவிலும் இருந்தது, அந்த பார்ட்ஸுக்குப் பஞ்சம் வராது. போகப் போகச் சிரமப்படப்போவது ஹெட்லைட், பம்பர், டிக்கி கதவு. இடிபட்ட வண்டியைத் தவிருங்க. 510 லிட்டர் டிக்கி பெரிய வசதி.

திருவொற்றியூர்: ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் (உயரம் கூட்ட வைக்கும் துண்டு) போட்டு செடானைத் தூக்கலாமா அண்ணே?

செய்யாதீங்க. ஆக்சில் கோணம் மாறி அதன் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழியும், அலைன்மென்ட் போகும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். கொஞ்சம் உயரம் வேணும்னா, 185/65 ஆர்15 டயர் இருந்தால் 195/65 ஆர்15 போடலாம். விட்டம் 13 மிமீ கூடும், வண்டி ஆறரை மிமீ உயரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 102. ஸ்டியரிங்கை முழுசா திருப்பி உள்ளே உரசுதான்னு பார்த்துட்டு காசு கொடுங்க.

ராயபுரம்: பட்ஜெட் பத்து லட்சம். கொஞ்சம் மேலே போய் உயர வண்டி எடுக்கவா சார்?

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை சாலை வரி 13%, அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18%. 9.9 லட்சம் வண்டிக்கு ரூ.1,28,700, 10.2 லட்சம் வண்டிக்கு ரூ.1,83,600. ஹோண்டா அமேஸ் செடானுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸே 172 மிமீ இருக்கு, முதலில் அதை ஓட்டிப் பாருங்க.