கப்பலேறி வந்த காக்கா ஆழி: கேள்விகள் உங்களுடையவை, பதில் அக்காவுடையது

அக்கா, எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த குட்டி ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. அதற்கு அதுதானே நல்லது?
*எட்டாம் வகுப்பு மாணவி, தாம்பரம்*

விட வேண்டாம் கண்ணு, அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அதன் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார். இருந்தால் அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. கடையில் உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக விற்பதால், இது 20, 30 வருடம் உயிரோடு இருக்கும், இவ்வளவு பெரிதாகும் என்று வாங்குகிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நம் ஏரிகளில் பால் ஆமையும் காராமையும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவை வெயில் காய ஏறும் கல்லையும் கட்டையையும் தின்னும் தீனியையும் இது பங்குபோட வந்துவிடும், புது நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். முடிந்தவரை பெரிய தொட்டி வைத்து வளருங்கள். முடியவே இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதே, அதன் உடம்பில் வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமி இருக்கலாம்.

எங்கள் ஆற்றில் காக்கா ஆழி வந்ததிலிருந்து இறாலே இல்லை என்று தாத்தா சொல்கிறார். ஒரு சிப்பி எப்படி அக்கா இறாலைத் துரத்தும்?
*ஆறாம் வகுப்பு மாணவர், எண்ணூர்*

உன் தாத்தா சொல்வது சரி தம்பி. அது இறாலைத் துரத்தவில்லை, இறால் வீட்டின் கதவை மூடிவிட்டது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அடியில் சேறும் மணலும் இருக்கும் இல்லையா, இறால் அதில் புதைந்துதான் பகலைக் கழிக்கும், நண்டுக்கும் மஞ்சள் மட்டிக்கும் அந்தச் சேறுதான் வீடு. காக்கா ஆழி நூல்போல ஒன்றை விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியில் பாய் விரித்த மாதிரி இடைவெளியே இல்லாமல் பரவிவிடும். மேலே வந்து விழுந்த இறால் எங்கே புதையும்? வாயில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களை நீ பார்த்திருப்பாய். அவர்கள் கைக்கு இப்போது தட்டுப்படுவது கூரான ஓடு, கை கிழிகிறது. வலையும் கிழிகிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இந்தச் சிப்பியைக் கொண்டுவந்ததில் அவர்களுக்குத் துளியும் பங்கில்லை.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கடற்கரை. அங்கிருந்து நீந்தியா வந்தது? கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். சரக்கில்லாத கப்பல் அலையில் ஆடாமல் இருக்கப் புறப்படும் துறைமுகத்திலேயே கடல் நீரைத் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும், போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது அந்த நீரைக் கொட்டிவிடும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிப்பிக் குஞ்சுகள் மிதக்கும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். கொட்டுகிற நீரைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே சிப்பி பரவியிருக்கிறது.

சிப்பி கெட்டது இல்லை தம்பி, அதன் ஊரில் அதுவும் ஒரு சாதாரண சிப்பி. அங்கே அதைத் தின்று அளவோடு வைத்திருந்தவர்கள் அதோடு சேர்ந்து இங்கே வரவில்லை. இப்படி வெளியூரிலிருந்து வந்து பரவுகிற எல்லா ஊடுருவிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

எறும்பு மாட்டின் கண்ணைக் குருடாக்குமா?
*ஏழாம் வகுப்பு மாணவர், நத்தம்*

உங்கள் ஊர்ப் பக்கம் கரந்தமலையில் 2022-ல் ஆடு மாடுகளுக்கு அப்படி ஆனதாக மக்கள் சொன்னது செய்தியாகவே வந்தது. மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்று பெயர், தாறுமாறாக ஓடுவதால். இது கடிக்காது, கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அது கண்ணில் பட்டால் எரியும். இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே காட்டுத் தரையில் விழும் இலையையும் முளைக்கும் செடியையும் தின்று காட்டைப் பராமரித்துவந்த சிவப்பு நண்டுகளை இந்த எறும்பு கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. நண்டு போன இடத்தில் தரையெல்லாம் புதர் மண்டிக் காடே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அப்படியென்றால் இந்த ஊடுருவிகளைத் தின்னும் எதிரியைக் கொண்டுவந்து விட்டால் போதாதா?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

நல்ல கேள்வி, ஆனால் எந்த எதிரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பைக் கெடுத்த வண்டுகளைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்தார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது, அதன் புழு மண்ணுக்கடியில் இருந்தது, தேரையால் ஏறவும் முடியாது, தோண்டவும் முடியாது. அது கிடைத்த மற்ற பூச்சிகளையெல்லாம் தின்று பெருகியது. உடம்பில் விஷம் வேறு. அதைத் தின்ற உடும்பு, பாம்பு, நன்னீர் முதலை எல்லாம் செத்தன. ஆனால் காகங்கள் தேரையை மல்லாக்கப் புரட்டிப்போட்டு, விஷமில்லாத வயிற்றுப் பக்கமாகக் கொத்தித் தின்னக் கற்றுக்கொண்டன.

இப்போது நம் ஊர்க் கதை. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டது, என்ன மருந்தடித்தும் திரும்ப வந்தது. 2010-ல் அந்தப் பூச்சிக்குள் மட்டுமே முட்டையிடும் ஒரு குட்டிக் குளவியைப் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைத்து, வேறு எதையும் தொடாது என்று முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தோட்டங்களில் விட்டார்கள். கொஞ்ச மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. தேரை கிடைத்ததையெல்லாம் தின்னும், குளவிக்கு ஒரே ஒரு பூச்சிதான் வேண்டும். உன் தாத்தா பாட்டி விவசாயம் பார்த்தவர்கள் என்றால் அந்த 2 வருடத்தைப் பற்றிக் கேட்டுப் பார்.

ஜிலேபி கெண்டையும் வெளிநாட்டு மீன் என்கிறார்களே, சாப்பிடலாமா?
*ஆறாம் வகுப்பு மாணவி, மேட்டூர்*

தாராளமாகச் சாப்பிடலாம். ஆப்பிரிக்க மீன்தான், கெண்டை இனமே இல்லை, 1952-ல் கொண்டுவந்தது. தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குஞ்சுகளையும் பாதுகாப்பதால் நிறையப் பிழைக்கின்றன, நம் ஊர் மீன்களுக்கு இடமில்லாமல் போகிறது. எவ்வளவு பிடித்தாலும் சரிதான். ஒரு குளத்தில் பிடித்ததை உயிரோடு இன்னொரு குளத்தில் விடாமல் இருந்தால் போதும், குழம்புக்குப் போகட்டும்.