மஞ்சள் விளக்கும் 92-ம்

அன்புள்ள ஐயா,

1970களில் எடுத்த ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். இரவுக் காட்சிகளில் எல்லா கார்களின் ஹெட்லைட்டும் மஞ்சளாகவே எரிகிறது. பிரிண்ட் பழசாகி நிறம் மாறிவிட்டது என்கிறான் நண்பன். அப்படித்தானா? பழைய படங்களில் ஒரு காரைக் கண்டதும் இன்ன ஊர் வண்டி என்று எழுதிவிடுகிறீர்களே, எதை வைத்து?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

பிரிண்ட் மேல் பழி போட வேண்டாம். 1930களின் கடைசியிலிருந்து 1993 வரை பிரான்சில் ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். எதிரே வருபவருக்குக் கண் கூசாது என்று நம்பினார்கள். நண்பர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதே காட்சியில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடச் சொல்லுங்கள். பிரிண்ட் கெட்டிருந்தால் சட்டையும் மஞ்சளடித்திருக்கும். பகலில் நிற்கும் வண்டியிலும் பார்க்கலாம். கேமரா நேர் எதிரே வரும்போது விளக்குக் கண்ணாடிக்குள் முட்டையின் மஞ்சள் கரு மாதிரி பல்பு தெரியும்.

நான் முதலில் பார்ப்பது நம்பர் பிளேட்டை. டி.என். 59 என்றால் மதுரை என்கிறோமே, அந்தக் கதைதான். 1950-ல் வந்து 2009 வரை புது வண்டிகளுக்கு இருந்த பிரெஞ்சு முறையில் மாவட்ட எண் கடைசியில் வரும். 75 பாரிஸ், 13 மார்சேய், 06 நீஸ். அந்த முறையில் வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் வண்டிக்குப் புது நம்பர் வாங்கியாக வேண்டியிருந்தது. அதனால் ஆள் எங்கே குடியிருக்கிறான் என்பதை வசனத்துக்கு முன்பே வண்டி சொல்லிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது 92. 1950களின் தொடக்கத்தில் அது பாரிஸ் பக்கமே கிடையாது, கடலுக்கு அந்தப் பக்கம், அப்போது பிரான்சின் பிடியில் இருந்த அல்ஜீரியாவின் ஓரான். அல்ஜியர்ஸுக்கு 91, கான்ஸ்டன்டைனுக்கு 93. அல்ஜீரியா 1962-ல் விடுதலை பெற்றது. 1968-ல் பாரிஸைச் சுற்றிப் புது மாவட்டங்கள் பிரித்தபோது அந்தப் பழைய எண்களையே தூக்கி அவற்றுக்குக் கொடுத்தார்கள். ஆக, 1965-ல் நடக்கும் கதையில் பாரிஸ் புறநகர்க்காரர் வண்டி 92 என்று முடிந்தால் கலை இயக்குநர் கோட்டை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இத்தாலி இன்னும் சுலபம். அங்கே பழைய பிளேட்டுகளில் மிலானுக்கு எம்.ஐ., டூரினுக்கு டி.ஓ. என்று இரண்டெழுத்து, ரோமுக்கு மட்டும் 'ரோமா' என்று முழுப்பெயரே இருந்தது. ஒரு பழைய இத்தாலியப் படத்தில் ஃபியட் 1100 வந்ததும் "அட, நம்ம பத்மினி" என்று கத்தி வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். தப்பில்லை, நம்ம ஊர் பிரீமியர் பத்மினி காருக்கு மூலமே அந்த வண்டிதான். ஸ்டீயரிங்தான் இடப்பக்கம்.

அப்புறம் சிட்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சு கார். 1967-ல் அதற்குப் புது முகம் வந்தது: பக்கத்துக்கு இரண்டு விளக்கு, மேலே கண்ணாடி மூடி. அமெரிக்கச் சட்டம் அந்த மூடியை அனுமதிக்கவில்லை. அங்கே போன வண்டிகளில் நான்கு விளக்கும் திறந்தே கிடக்கும். பாரிஸ் தெரு என்று காட்டும் இடத்தில் அப்படி ஒரு டி.எஸ். நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சரி, அந்தப் படத்தை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். விளக்கை விடுங்கள், நாயகன் வண்டி நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை எழுதி அனுப்புங்கள்.