ஏழை நாடுகளில் ஈய நஞ்சு தொடர்வதற்குப் பெற்றோரின் அறியாமைதான் காரணமா?

இல்லை. கேள்வியைப் படித்ததும் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் ஏதோ செய்தி பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள், தவறில்லை. ஆனால் எனக்கு இது சுடுகிற கேள்வி.

அப்பா பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் சட்டையில் ஒட்டி வந்த தூசு படிந்த தரையில்தான் தம்பி தவழ்ந்தான். ஓயாத வயிற்றுவலி, பேச்சும் தாமதம். நாலு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம் ஈயம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவரோ அம்மாவைப் பார்த்து, "பிள்ளையைக் கொஞ்சம் சுத்தமா வச்சிருக்கக் கூடாதா?" என்றார். தினமும் இரண்டு வேளை வீடு கூட்டுகிறவர் அம்மா. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்குச் சொன்னது. அத்தனை தாய்மாருமா சுத்தம் தெரியாதவர்கள்?

உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூசு கிளம்பும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாதுதான். அது அறியாமை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். சரி, தெரிந்த பிறகு மட்டும் என்ன செய்ய முடிந்தது? வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. குளித்துவிட்டு வர அங்கே ஒரு குழாய்கூட இல்லை. அப்பாவைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கென்யாவின் மொம்பாசாவில் ஃபிலிஸ் ஒமிடோ இப்படியொரு ஈய உருக்காலையில் வேலை செய்தவர். தன் குழந்தையின் உடம்பில் ஈயம் ஏறியது தெரிந்ததும் போராட்டத்தில் இறங்கினார். ஆலையை மூடவைக்கவே வருடக்கணக்கில் ஆனது. ஆலையை ஒட்டிய ஓவினோ உகுரு குடியிருப்பு மக்களுக்கு 2020இல் நீதிமன்றம் இழப்பீடு விதித்தும், வழக்கு 2024 வரை இழுத்தது. விவரம் தெரிந்த தாய்க்கே இந்தக் கதி. பெட்ரோலையே பாருங்கள். அமெரிக்கா சாலை வண்டிகளுக்கான ஈயம் கலந்த பெட்ரோலை 1996இல் தடை செய்தது. கடைசி நாடான அல்ஜீரியாவில் அது 2021 வரை விற்றது. அந்த 25 வருடமும் பெற்றோரின் தப்பா?

 

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனாலும், வீட்டில் யாராவது ஈயம் உருக்கும் வேலைக்குப் போனால், பிள்ளைக்கு 'ரத்தத்தில் ஈய அளவு' என்று பெயர் சொல்லியே பரிசோதனை கேளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது.