முதல் தடவை கேட்டேன்: ஆல்பம் கேள்வி பதில்

"சமீபத்தில் முதல் தடவையாகக் கேட்ட ஆல்பம் எது, அதில் உங்களுக்குப் பிடிபடாதது என்ன?" என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலதுக்குத்தான் இங்கே பதில் சொல்ல முடிகிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. 1984 முதல் 12 வருஷம் மதுரையில் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தேன். நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவருவார்கள், 60 நிமிஷக் கேசட்டிலோ 90 நிமிஷக் கேசட்டிலோ பதிந்து கொடுப்போம். முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. கேட்டே வளர்ந்த காது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, 'ஹவ் டு நேம் இட்' கேட்டேன். ராஜா பாட்டு என்று நினைத்துத்தான் போட்டேன். ஒரு குரல்கூட இல்லை. மூன்றாவது டிராக்கிலேயே எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. இதை எப்படிக் கேட்பது?

நீ தேவலாம்மா. 1986-இல் அது வெளிவந்த புதிதில் ஒருவர் எங்கள் கடைக்கே திரும்பி வந்து, "தம்பி, மியூசிக் மட்டும்தான் விழுந்திருக்கு, பாட்டு விழல. வேற கேசட்ல போட்டுக் குடு" என்று சண்டை பிடித்தார். நானே டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்.

சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காதுக்குக் குரல்தான் கைப்பிடி. அது இல்லையென்றால் தடுமாறத்தான் செய்யும். அதனால் முதல் தடவை வி.எஸ். நரசிம்மனின் வயலினை மட்டும் பிடித்துக்கொள். அது போகிற இடத்துக்கெல்லாம் போ, மற்ற வாத்தியங்களைப் பற்றிக் கவலைப்படாதே. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு டிராக் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால், பாக் என்ற ஜெர்மன் இசைமேதை தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் சேர்ந்த உருப்படி) முதல் பகுதியை ஒரு தடவை கேட்டுவிடு. சில நிமிஷம்தான். 1720-ஆம் வருஷக் கையெழுத்துப் பிரதியில் இருப்பது அது. ஒற்றை வயலின் மூச்சு விடாமல் ஓடும். ராஜா அந்த ஓட்டத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் தன்னுடைய ஆட்களை உட்கார வைக்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசிக்கொண்டே இருக்க, வீட்டுக்காரர் நடுநடுவே ஒரு வார்த்தை போடுகிற மாதிரி. தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்.

ஃபியூக் என்று ஒன்று வரும். பஜனையில் முன்னவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், முடியும்வரை காத்திருந்து கோஷ்டி பிடிக்கும். ஃபியூக்கில் காத்திருப்பது கிடையாது. முன்னவர் அடுத்த வரிக்குப் போன பிறகும் பின்னவர் பழைய வரியிலேயே நடப்பார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் கிளம்பியிருப்பார். ஆனாலும் இடித்துக்கொள்ள மாட்டார்கள். நீ தொலைந்துபோனது அந்த நெரிசலில்தான் என்று நினைக்கிறேன்.

பாலு மகேந்திராவின் 'வீடு' பார்த்திருக்கிறாயா? 1988-இல் வந்தது. அதன் பின்னணியில் வருவது இந்த ஆல்பத்து இசைதான். ஆல்பத்தை முதலில் பிடிக்காமல், படம் பார்த்த பிறகு தேடி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சென்னை, சாஃப்ட்வேர்க்காரர்: சார், ஜாஸில் இதுதான் உச்சம் என்று எல்லாரும் சொன்னதால் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்டேன். உண்மையைச் சொன்னால் நட்சத்திர ஓட்டல் லிஃப்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. என் காதில் கோளாறா?

உங்கள் காதில் கோளாறு இல்லை, ஓட்டல்கள் செய்த வேலை அது. இந்த ஆல்பத்தின் சாயலை எடுத்து 60 வருஷமாகச் சூப்போடு சேர்த்துப் பரிமாறிவிட்டார்கள். மூலத்தைக் கேட்கும்போது நகல் மாதிரித் தோன்றுவது அதனால்தான்.

1959-இல், நியூயார்க்கில் ஒரு பழைய தேவாலயத்தை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோவில், மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிந்தது. அதுவரை ஜாஸ்காரர்கள் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்துகளை) மளமளவென்று மாற்றிக்கொண்டே போவார்கள், வாசிப்பவர் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். இதில் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முதல் டிராக் 'ஸோ வாட்' 16 பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) ஒரே ஸ்வர வரிசையில் நிற்கிறது. நம் கணக்கில் அது கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். ராகம் என்று சொல்லவில்லை, கமகமும் கிடையாது, பிரயோகமும் கிடையாது. படிக்கட்டு மட்டும் அதே. அப்புறம் 8 பாருக்கு அப்படியே அரைக்கட்டை ஏற்றுகிறார்கள், மறுபடி 8 பார் பழைய இடம். அவ்வளவுதான் பாட்டு. கச்சேரி கேட்ட குடும்பம் என்றால் இது உங்களுக்கு அந்நியமே இல்லை. அவசரமில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து விரிக்கிற வேலை.

யாரைப் பிடிப்பது? பால் சேம்பர்ஸின் பாஸ், அதாவது கீழ் ஸ்தாயியில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம். 'ஸோ வாட்'டில் கேள்வி கேட்பதே அவர்தான், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்கிறார்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் அவர் காணாமல் போய்விடுவார். நல்ல இயர்போனாவது போடுங்கள்.

இன்னொரு சமாச்சாரம், டெக் ஓட்டியவன் என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம். இசைத்தட்டின் முதல் பக்கத்து 3 டிராக்கையும் பதிந்த டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். 1990-களில்தான் இதைத் திருத்திய பதிப்பு வந்தது. அதுவரை இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் கடையிலும் ஒரு தடவை டெக்கின் பெல்ட் தளர்ந்துபோய், அன்று பதிந்த அத்தனை கேசட்டிலும் ஆண் குரலெல்லாம் பாதி பெண் குரலாகிவிட்டது. முதலாளி என் சம்பளத்தில் கேசட் காசைப் பிடித்தார். நியூயார்க்கில் யார் சம்பளத்தில் பிடித்தார்களோ.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' போன கிழமைதான் முதன்முதலாக் கேட்டனான். பாஷை ஒண்டும் விளங்கேல்லை, ஆனா முதல் பாட்டை விட்டு வெளியில வர ஏலாமக் கிடக்கு. அர்த்தம் தேடிப் பாக்கட்டோ, வேண்டாமோ?

பாருங்கள் தம்பி, ஏமாந்து சிரிப்பீர்கள். அந்த முதல் பாட்டு 'சான் சான்'. அதன் பல்லவியில் இருப்பது நாலு ஊர்ப் பெயர். ஆல்ட்டோ செட்ரோவிலிருந்து மார்க்கானேக்குப் போகிறேன், குவேட்டோ வந்து மயாரிக்குப் போகிறேன். எல்லாம் கிழக்குக் கியூபாவின் ஊர்கள். நம் ஊர் பஸ் கண்டக்டர் படிக்கட்டில் நின்று கூவுவதும் இதேதான். அதை எழுதிய கொம்பாய் செகுந்தோவுக்கு, 1996 மார்ச்சில் ஹவானாவில் பதிந்தபோது வயது 88. பியானோ ருபென் கொன்ஸாலஸ், அவருக்கும் 75 தாண்டிவிட்டது, வீட்டில் பியானோ கூடக் கிடையாது. முதலில் போட்ட திட்டம் வேறு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு வித்வான்கள் வந்து கியூபாக்காரர்களோடு வாசிப்பதாக இருந்தது. அவர்கள் வந்து சேரவில்லை. ஸ்டூடியோவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டதே என்று இந்தப் பெரியவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அர்த்தம் தெரிந்த பிறகும் அந்தப் பாட்டு உங்களை விடாது.

கோயம்புத்தூர்: மாமா, கீத் ஜாரட்டின் 'கெல்ன் கான்சர்ட்' கேட்கும்போது நடுநடுவே யாரோ முனகுகிறார்கள். நான் கேட்டது கெட்ட பிரதியா?

நல்ல பிரதிதான் மாப்பிள்ளை. முனகுவது பியானோ வாசிக்கிற ஜாரட்டேதான். அவர் அப்படித்தான் வாசிப்பார். எனக்கும் முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, நாகஸ்வரம் வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிற சத்தத்தை நாம் பொறுத்துக்கொள்கிறோமே என்று விட்டுவிட்டேன்.

1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கெல்ன் நகரத்து ஆப்ரா அரங்கம், ராத்திரி பதினொன்றரைக்குக் கச்சேரி. ஏற்பாடு செய்தது 18 வயதுப் பெண். ஜாரட் கேட்டது பெரிய பியானோ, மேடையில் கிடந்தது ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னது. சுருதி விலகி, மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ் ஸ்தாயியில் கனமே இல்லாமல், பெடலும் ஒழுங்காக வேலை செய்யாமல். வாசிக்க மாட்டேன் என்றவர் கடைசியில் வாசித்தார். முன்கூட்டி எழுதியது ஒரு வரி கிடையாது, எல்லாம் மனோதர்மம்.

இந்தக் கதையை மேனேஜ்மென்ட் வகுப்புகளில் உருகி உருகிச் சொல்கிறார்கள். சொல்பவர்களில் எத்தனை பேர் ஆல்பத்தைக் கேட்டார்களோ தெரியாது. கேட்டால் கதை காதிலேயே கிடைக்கும். முதல் பகுதியில் இடது கையைக் கவனி. ஒரு கட்டத்தில் இரண்டே கார்டை வைத்துக்கொண்டு நிமிஷக் கணக்கில் ஆட்டிக்கொண்டே இருப்பார். கீழே கனம் இல்லாத பியானோவில் கனத்தை வேறு எப்படிக் கொண்டுவருவது? திருப்பித் திருப்பி அடித்துத்தான். அதை நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒரே சுருதியில் ஊதுகிற ஒத்து என்று வைத்துக்கொள். வலது கை நடு ஸ்தாயியிலேயே அதிகம் சுற்றும். ஓரத்துக்குப் போனால் தகரம் சத்தம் போடுமே. 66 நிமிஷமும் பழுதான வாத்தியத்தின் பள்ளங்களைத் தாண்டித் தாண்டி நடக்கிற நடை அது.

ஈப்போ, மலேசியா: அண்ணே, 'சக்தி' ஆல்பம் முதல் தடவை. கடத்துக்காகவே கேட்டேன். மற்றதெல்லாம் வேகம் வேகம் என்று ஓடுகிறது. பொறுமையாக ஏதாவது உண்டா?

உண்டு. இரண்டாவது டிராக், ஐந்து நிமிஷத்துக்குள் முடியும் 'லோட்டஸ் ஃபீட்'. அதிலிருந்து தொடங்குங்கள். 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிந்தது. ஜான் மெக்லாலின் கிடாரும் எல். சங்கர் வயலினும் ஒருவரை ஒருவர் துரத்துவதுதான் உங்களைக் களைக்க வைக்கிறது. கடம் வாசிக்கிற விக்கு விநாயகராமுக்காகவே வந்தவருக்கு நான் என்ன சொல்லித் தருவது? வந்த வேலையைப் பாருங்கள்.

திருப்பூர்: பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' போனில் கேட்டேன். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் வெட்டிவெட்டி வருகிறது, பாட்டின் வரிசையும் குழம்புகிறது.

ஷஃபிளை அணையுங்கள். செட்டிங்ஸில் கேப்லெஸ் என்று இருப்பதைப் போடுங்கள். 1973-இல் ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் கரைகிற மாதிரி ஒட்டிய ஆல்பம், இதயத் துடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும். முதல் பக்கத்தின் கடைசியில் வார்த்தையே இல்லாமல் கதறுகிற குரல் கிளேர் டோரி என்ற பாடகியுடையது. அன்றைக்குக் கூலி 30 பவுண்டு. பல வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005-இல் சமரசமாகி, பாட்டில் அவர் பெயரும் ஏறியது.

செட்டிபாளையம் பக்கம்: ஐயா, 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று ஒரு அமெரிக்க ஆல்பம் தற்செயலாகக் கேட்டேன். பெயரைப் பார்த்து, ஏதோ தியான இசை என்று நினைத்தேன். நடுவில் சாக்ஸபோன் வருகிறது! இந்தச் சச்சிதானந்தா யார்?

உங்கள் ஊர்க்காரர்தான் ஐயா! சுவாமி சச்சிதானந்தா, 1914-இல் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் பேசியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்த பிறகு உடைந்துபோயிருந்த ஆலிஸ் கோல்ட்ரேனுக்கு அவர் குருவானார். 1971-இல் வந்த ஆல்பம். தம்புரா, பாஸ், அதற்கு மேல் ஆலிஸின் ஹார்ப் (யாழ் மாதிரி வாத்தியம்). சாக்ஸபோன் ஃபாரோ சாண்டர்ஸ். முதல் டிராக்கில் அந்த பாஸ் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மேலே என்ன நடந்தாலும் பயமில்லை. தியானத்துக்கு ஆகுமா என்று கேட்டால், எனக்கு ஆகவில்லை. காபி ஆறிப்போனது.

விருதுநகர்: எல்லாரும் புகழ்கிற ஒரு ஆல்பத்தை மூன்று தடவை கேட்டும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

விட்டுவிடுங்கள் சார். பிடிக்க வேண்டும் என்று யாரும் ரேஷன் கார்டில் எழுதவில்லை.

நாகர்கோவில்: அண்ணாச்சி, எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் இந்த மாசம் முதல் தடவையாகக் கேட்டது எது?

சொன்னால் வெட்கக்கேடு. 'எ லவ் சுப்ரீம்', மேலே சொன்ன ஜான் கோல்ட்ரேனுடையது. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே நாளில் பதிந்த 33 நிமிஷம். பெரிய பெயர் என்பதாலேயே பயந்து தள்ளிப்போட்டு வந்தேன். முதல் மூன்று பகுதி பிடித்தது. நாலாவது பகுதி 'சாம்' மட்டும் புரியவில்லை, தாளமும் இல்லை, மெட்டும் இல்லை, சாக்ஸபோன் ஏதோ முணுமுணுக்கிறது. ஒரு நண்பரிடம் புலம்பினேன். இசைத்தட்டின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனைக் கவிதை ஒன்று அச்சாகியிருக்கிறது, அதைப் படமெடுத்து அனுப்பினார். அந்தக் கவிதையைத்தான் அசை அசையாக வாசிக்கிறாராம். நம் நாகஸ்வரக்காரர்கள் சாகித்யத்தை மனதில் வைத்து ஊதுகிற அதே காரியம்.

நேற்று ராத்திரி அந்தத் தாளை மடியில் வைத்து, வரி வரியாக விரல் ஓட்டிக்கொண்டே கேட்டேன். இரண்டு இடத்தில் விரல் முந்திவிட்டது, சாக்ஸ் பின்னால் நின்றது. முதலிலிருந்து போட்டேன். மூன்றாம் தடவை போடும்போது வீட்டுக்காரி வந்து லைட்டை அணைத்துவிட்டாள். மீதி இன்றைக்கு.